வீட்டுச் சோப்பின் கணக்கு

வீட்டில் சோப்புச் செய்வோர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவோருள் இரு பிரிவினர் உண்டு. கடையில் கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, வெந்நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்கி, மணமும் நிறமும் சேர்த்து அச்சில் ஊற்றுவோர் முதல் பிரிவினர். எண்ணெயையும் காரத்தையும் தாமே நிறுத்துக் கலந்து, சோப்பையே புதிதாக உண்டாக்குவோர் இரண்டாம் பிரிவினர். முதல் வகை வேலை ஒரு மாலைக்குள் முடிந்துவிடும். மறுநாளே குளிக்க எடுத்துக்கொள்ளலாம். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை எனினும், அங்கே சோப்பு ஏற்கெனவே ஓர் ஆலையில் செய்து முடிக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் நடப்பது அலங்காரம் மட்டுமே. கடைகளிலும் கண்காட்சிகளிலும் கைச்சோப்பு என்ற பெயரில் வண்ணக் கண்ணாடிபோல் அடுக்கப்படுவனவற்றுள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாம் வகை வேலைக்குத் தராசும் பொறுமையும் ஓரளவு வேதியியலும் தேவைப்படுவதால், அதில் இறங்குவோர் குறைவு. இறங்கியவர்கள் எளிதில் விடுவதுமில்லை.

எண்ணெய் என்பது வேதியியல் நோக்கில் கிளிசரின் மூலக்கூறு ஒன்றுடன் கொழுப்பு அமிலங்கள் மூன்று இணைந்த சேர்மம். வலுவான காரம் அதனுடன் சேரும்போது அந்த இணைப்பு அறுபடுகிறது. கொழுப்பு அமிலம் காரத்திலுள்ள சோடியத்துடன் கூடி உப்பாக மாற, கிளிசரின் தனியே விடுபடுகிறது. அந்த உப்புதான் சோப்பு. இம்மாற்றத்தைப் பள்ளிப் பாடநூல்கள் சோப்பாக்குதல் என்று குறிப்பிடுகின்றன. மனிதர்கள் பல நூற்றாண்டுகளாக விலங்குக் கொழுப்பையும் சாம்பல் நீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்துச் சோப்புச் செய்துவந்தபோதிலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல்தான், விலங்குக் கொழுப்புகளைப் பற்றி 1823இல் வெளியிட்ட நூலில் தெளிவாக்கினார். அதற்கு முன்பே, 1791இல், நிக்கொலா லெப்லாங் என்ற மற்றொரு பிரெஞ்சுக்காரர் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சாம்பலை நம்பியிருந்த சோப்புத் தொழில் ஆலைத் தொழிலாக விரிந்ததற்கு அம்முறை பெரிய காரணம். விறகடுப்புச் சாம்பலின் காரம் எரிப்புக்கு எரிப்பு மாறும். ஆலையில் செய்த காரத்தின் வலிமையோ ஏறத்தாழ நிலையானது. இன்று வீட்டு மேசையில் ஒருவர் கிராம் கணக்கில் காரத்தை நிறுத்துச் சோப்புச் செய்ய முடிவது இந்த நிலைத்தன்மையால்தான். ஆகவே கைச்சோப்பு பாட்டி காலத்துக் கலை என்ற பேச்சில் பாதிதான் உண்மை.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்தப் பாதியும் ஐயத்துக்குரியது. இங்கே குளியலுக்குச் சிகைக்காய், அரப்பு, பயத்தம் மாவு, கடலை மாவு, பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் சேர்த்து அரைத்த நலங்கு மாவு ஆகியன இருந்தன; வெளுப்புக்கு உவர்மண் இருந்தது. சிகைக்காயும் பூந்திக்கொட்டையும் நுரைப்பதற்குக் காரணம் அவற்றில் இயல்பாகவே உள்ள சப்போனின் என்னும் பொருள்; கொழுப்பையும் காரத்தையும் சேர்த்து உண்டாக்கிய பொருள் எதுவும் அவற்றில் இல்லை. குளியல் சோப்பு இங்கே பரவியது ஆலைப் பண்டமாகத்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் அரசு சந்தன எண்ணெய் ஆலையைத் தொடங்கி அதையொட்டிச் சோப்புத் தயாரிப்பில் இறங்கியதும், பின்னர் காதி கிராமத் தொழில் இயக்கம் வேம்பு, இலுப்பை, புங்கம் போன்ற உண்ணா எண்ணெய்களைச் சோப்புக்குத் திருப்பியதும் அந்த வரலாற்றின் பகுதிகள். வீட்டுச் சோப்புக்காரர் ஒருவர் தம் அடுக்களையில் இலுப்பை எண்ணெயை எடுத்து வைக்கிறார் என்றால், அவர் தொடர்வது பாட்டியின் வழியைவிடக் காதிக் கூடத்தின் வழியை என்று சொல்வதே பொருந்தும்.

இக்கலையின் உயிர்நிலை எடைதான். ஒவ்வோர் எண்ணெயும் முழுமையாகச் சோப்பாக மாறுவதற்குக் குறிப்பிட்ட அளவு காரம் தேவைப்படுகிறது. அந்த அளவைச் சோப்பாக்கல் எண் என்பர். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம் எரிசோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, வேண்டும். நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128. தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம் என ஒரு கிலோ எண்ணெய் எடுத்தால், அவற்றுக்கு முறையே 109.8, 40.2, 12.8 என மொத்தம் 162.8 கிராம் எரிசோடா தேவை. ஆயினும் அவ்வளவையும் எவரும் போடுவதில்லை. நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைத்து, 150 கிராம் அளவிலேயே நிறுத்திக்கொண்டால், எண்ணெயில் ஒரு சிறு பகுதி சோப்பாக மாறாமல் எஞ்சித் தோலின் வறட்சியைத் தணிக்கும். நிறுப்பதில் நேரும் சிறு பிழைக்கும் அது இடங்கொடுக்கும். எண்ணெய்க்கு எண்ணெய், பருவத்துக்குப் பருவம் இவ்வெண்கள் சற்றே மாறுபடும் என்பதாலும் இந்தக் கழிவு தேவைப்படுகிறது. சோப்புக்காரர்கள் இதை சூப்பர்ஃபேட் என்றே சொல்கிறார்கள்.

இவ்விடத்தில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு கல் உண்டு. நம் கடைகளில் எண்ணெய் லிட்டரிலும் கிடைக்கிறது, கிலோவிலும் கிடைக்கிறது. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயின் எடையோ 920 கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு கிலோ என்று எண்ணிக் காரத்தைக் கணக்கிடுபவர், எட்டு விழுக்காட்டுக் கழிவு முழுவதையும் அந்த ஒரு தவறிலேயே இழந்து, தோலை அரிக்கக்கூடிய சோப்பின் விளிம்புக்கு வந்துவிடுவார். ஆகவே படி, உழக்கு, கரண்டி, டம்ளர் ஆகிய எல்லா முகத்தலளவைகளையும் ஒதுக்கிவிட்டு, எண்ணெயையும் காரத்தையும் தண்ணீரையும் மின்னணுத் தராசில் கிராமாகவே நிறுப்பது இவர்களுடைய முதல் விதி. சமையலில் கைப்பக்குவத்தை நம்பிப் பழகியவர்களுக்கு இந்த விதி முதலில் எரிச்சலூட்டும்.

எண்ணெய்களைத் தேர்வது தனியொரு கலை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம்; அதன் சங்கிலி குறுகியது என்பதால் அதிலிருந்து வரும் சோப்பு கடினமாகவும், எளிதில் கரைவதாகவும், பொங்கி நுரைப்பதாகவும் அமைகிறது; கடல்நீரில்கூட ஓரளவு நுரைக்கும். அதே காரணத்தால் தோலிலுள்ள எண்ணெயையும் அது மிச்சம் வைக்காமல் எடுத்துவிடும். வெறும் தேங்காய் எண்ணெயில் சோப்புச் செய்வோர் கழிவை நூற்றுக்கு இருபதுவரை உயர்த்துவது அதனால்தான். நல்லெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் மென்மையைத் தருகின்றன. விளக்கெண்ணெய் நுரையைக் கெட்டியாக்கி நிலைக்க வைக்கிறது, ஆனால் அளவு மிகுந்தால் சோப்பு பிசுபிசுக்கும். சூரியகாந்தி எண்ணெய் மலிவானது என்று தாராளமாகச் சேர்த்தவர்கள், சில மாதங்களில் கட்டியின் மேல் செம்மஞ்சள் புள்ளிகள் எழுந்து சிக்கு வாடை வீசுவதைக் காண்பார்கள். காற்றோடு எளிதில் வினைபுரியும் லினோலியிக் அமிலம் அதில் மிகுதி. வேப்பெண்ணெயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து விழுக்காடு சேர்த்தாலே எந்த நறுமணத் தைலத்தையும் மீறிக்கொண்டு அதன் வாடை வெளியே வந்துவிடும்.

கலக்கும் நாளில் வீட்டின் ஒழுங்கே மாறிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின்பு, சன்னல்கள் திறந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்துகொண்டுதான் எரிசோடாப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். அது கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். தண்ணீரில்தான் எரிசோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டுமேயன்றி, எரிசோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் அவ்விடத்திலேயே கொதித்துத் தெறிக்கும். முறையாகப் போட்டாலும் கரைசல் சில நிமிடங்களில் 80 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறி, தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஆவியை எழுப்பும். பாத்திரம் எவர்சில்வராகவோ, சூட்டைத் தாங்கும் கெட்டி பிளாஸ்டிக்காகவோ இருக்க வேண்டும். அலுமினியமும், அதன் கலப்பான இண்டாலியமும் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவைப் பொங்க விடுவதோடு தாமும் அரிக்கப்பட்டுப்போகும். நம் அடுக்களைகளில் வாணலி என்றால் பாதிக்குமேல் இந்த இனம்தான் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோலில் பட்டுவிட்டால் வினிகர் ஊற்றலாம் என்ற ஆலோசனை பரவலாக உலவுகிறது. அமிலமும் காரமும் சேரும்போது மேலும் வெப்பம் பிறக்குமாதலால் அது தவறு. ஓடும் குழாய்நீரில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவுவதே முறை. கண்ணில் பட்டால் கழுவியதோடு நில்லாமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சோப்புக்கென எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்குத் திரும்புவதில்லை.

காரக் கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 35 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டுக்கு வந்தபின் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே உறையும் தன்மையுடையது. மார்கழியில் கோயம்புத்தூரில் அதை உருக்க வேண்டியிருக்கும், சித்திரையில் சென்னையில் அடுப்பே தேவைப்படாது. கைமிக்சியால் விட்டு விட்டுக் கடையக் கடைய, தெளிந்த மஞ்சளாக இருந்த எண்ணெய் மங்கி, வெளுத்து, கெட்டிப்படத் தொடங்குகிறது. கருவியைத் தூக்கிக் கலவையைச் சொட்டவிடும்போது, விழுந்த இழை உடனே அமிழ்ந்துவிடாமல் ஈரத் தரையில் இட்ட மாக்கோலம்போல் ஒரு கணம் மேலே நின்றால், எண்ணெயும் நீரும் இனிப் பிரியமாட்டா என்று பொருள். ட்ரேஸ் என்று இவர்கள் அழைக்கும் இக்கட்டத்தில்தான் மணமும் பொடிகளும் சேர்க்கப்படுகின்றன. எலுமிச்சைப்புல் தைலமும் நீலகிரித் தைலமும் வெட்டிவேரும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். கிராம்புத் தைலமோ கலவையை நொடிகளில் இறுக்கி, அச்சில் ஊற்றவே முடியாமல் செய்துவிடும். ஊற்றுவதற்காகச் சாய்த்த பாத்திரத்தில் சோப்பு களிமண்ணாக நின்றுவிடுவதைப் பழகியவர்களும் அவ்வப்போது காண்பதுண்டு. அப்படி இறுகியதைக் கரண்டியால் அச்சில் அழுத்தி வைத்தாலும் சோப்பு சோப்புதான். அழகு மட்டும் போய்விடும்.

அச்சில் ஊற்றியபின் வினை தானாகவே தொடர்ந்து வெப்பத்தை உண்டாக்குகிறது. பாலோ தேனோ சேர்த்திருந்தால், அவற்றிலுள்ள சர்க்கரை அவ்வெப்பத்தை மேலும் கூட்டி, சோப்பைப் பழுப்பாக்கும். சில வேளைகளில் நடுவில் பிளந்து எரிமலைபோல் பொங்கவும் வைக்கும். ஆட்டுப்பால் சோப்புச் செய்வோர் பாலை முன்கூட்டியே உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியின் மேல் எரிசோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைப்பது இதனால்தான். ஒன்றிரண்டு நாள்களில் கட்டியை அச்சிலிருந்து எடுத்துத் துண்டு போடலாம். துண்டுகளின் மேல் படியும் வெண்பொடி, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் காரம் சேர்ந்து உண்டான சலவைச் சோடாதான். பார்க்க நன்றாக இராதே தவிரத் தீங்கில்லை.

வினையின் பெரும்பகுதி முதல் இரண்டு நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை சோப்பை உலர வைக்கிறார்கள். நீர் வெளியேறுவதோடு சோப்பின் நுண்படிக அமைப்பும் இறுகுவதால், கட்டி கடினப்பட்டு, குளியலறையில் விரைவில் கரையாமல் நிலைக்கும். எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணுவதைவிட, வாரந்தோறும் ஒரு துண்டை நிறுத்து, எடை குறைவது நின்றபின் எடுப்பதே நம்பத்தக்க வழி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தக் கணக்கு தவறிப்போகும். சோப்பிலேயே தங்கிவிட்ட கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால், சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் கட்டிகள் முத்து முத்தாக வியர்க்கும். துடைத்து, மின்விசிறியின் கீழே மூங்கில் தட்டில் பரப்பி, நாளொரு புறமாகத் திருப்பி வைப்பது தவிர வேறு வழியில்லை. வீட்டிலுள்ள மற்றவர்களின் பொறுமைக்கும் இதுவே சோதனைக் காலம்: ஒரு கிலோ எண்ணெயில் 100 கிராம் எடையுள்ள சோப்புகள் பன்னிரண்டு அளவுக்குத் தேறும், நால்வர் உள்ள குடும்பம் அவற்றைக் கரைப்பதற்குள் செய்பவருக்கு மறுபடி கை துறுதுறுக்கும். பரணும் அலமாரித் தட்டுகளும் புத்தக அடுக்கின் மேற்புறமும் சோப்பால் நிறைந்து, உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வெற்றிலைப் பாக்கோடு சோப்பும் போகத் தொடங்குவது இப்படித்தான்.

விடுபட்ட கிளிசரின் வெளியேறாமல் உள்ளேயே இருப்பது வீட்டுச் சோப்பின் உண்மையான சிறப்பு. பெரிய ஆலைகளில் கிளிசரினை உப்புநீரால் பிரித்தெடுத்துத் தனியே விற்பது வழக்கம். அதற்கு நல்ல விலை உண்டு. வீட்டில் அதைப் பிரிக்க வசதியில்லை, தேவையுமில்லை. இதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோப்பு உறைகளில் டி.எஃப்.எம். என்று அச்சிடப்படும் எண், மொத்த எடையில் கொழுப்புப் பொருளின் பங்கைக் குறிப்பது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குளியல் சோப்பின் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60 வேண்டும். நன்கு காய்ந்த வீட்டுச் சோப்பிலும் கிளிசரினும் எஞ்சிய நீரும் இடம்பிடிப்பதால், அது முதல் தர எண்ணை எட்டாமல் போகலாம். எண் குறைந்ததாலேயே அது மட்டமானது என்று முடிவுகட்ட முடியாது; எண் என்பது எதை அளக்கிறது, எதை விடுகிறது என்று அறிந்தே அதைப் படிக்க வேண்டும்.

தண்ணீர் வேறொரு சிக்கல். ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் ஊர்களில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடினநீர்தான் குழாயில் வருகிறது. சோப்பு அவற்றுடன் சேர்ந்து நுரைக்காத வெண்திரையாகப் படிந்து வாளியின் விளிம்பில் ஒட்டிக்கொள்கிறது. ஆலைச் சோப்பில் இதைத் தடுக்க உலோக அயனிகளைக் கட்டிப்போடும் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. வீட்டுச் சோப்புக்காரர்கள் அதற்குச் சிட்ரிக் அமிலத்தைக் கையாளுகிறார்கள். அது காரத்துடன் சேர்ந்து சோடியம் சிட்ரேட்டாக மாறி அதே வேலையைச் செய்கிறது. ஆனால் 10 கிராம் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 6 கிராம் எரிசோடாவை விழுங்கிவிடும். அந்த 6 கிராமைக் கூடுதலாகச் சேர்க்காவிட்டால் சோப்பு எண்ணெய்ப் பசையாகி நின்றுவிடும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்ற சோப்பு கிடைக்கும் என்று நம்புவோர் மறப்பதும் இதைத்தான். சேர்த்த அமிலம் எதுவாயினும் காரம் அதைத் தீர்த்துவிடும், உண்மையான சோப்பின் காரகாடித்தன்மை எண் 9க்கும் 10க்கும் இடைப்பட்டே இருக்கும், தோலின் 5.5க்கு அதைக் கொண்டுவந்தால் சோப்பு சோப்பாகவே இராது, கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும்.

இயற்கை என்ற சொல் இத்துறையில் படும் பாட்டையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். குப்பைமேனி, ஆவாரம்பூ, கற்றாழை, செம்பருத்தி, வேப்பிலை, சிவப்புச் சந்தனம் என்று சேர்க்காத பொருளில்லை. அரைத்த வேப்பிலையின் பச்சை சில வாரங்களில் பழுப்பாகிவிடுகிறது. செம்பருத்தியின் சிவப்பு காரத்தில் நிற்பதில்லை. மஞ்சள் தூள் முதலில் செந்நிறமாகி, பின் ஆரஞ்சுச் சாயலில் தணிந்து, வெளிச்சத்தில் வெளுக்கிறது. நிறத்தையே இவ்வளவு மாற்றும் காரம், இலைச்சாற்றிலுள்ள நுண்ணிய பொருள்களை மட்டும் தொடாமல் விட்டிருக்கும் என்று எதிர்பார்ப்பது மிகை. அவற்றுள் எஞ்சுபவையும் தோலில் தங்குவது நுரை கழுவப்படும்வரைதான். கெமிக்கல் இல்லாத சோப்பு என்ற விளம்பரமோ, 150 கிராம் எரிசோடாவை நிறுத்துப் போட்டவர் சொல்லக் கூசவேண்டிய ஒன்று. முறையாகச் செய்த சோப்பில் எரிசோடா எஞ்சுவதில்லை என்பது உண்மை. அதைச் சோதிக்க நுனிநாக்கால் தொட்டுப் பார்த்து, சுரீரென்று உறுத்துகிறதா என்று அறியும் பழக்கமும் உண்டு. எண்ணெயை இன்னதென்று தாமே தேர்ந்து, கழிவைத் தம் தோலுக்கேற்ப வைத்து, ஒவ்வாத மணத்தை விலக்கிச் செய்ய முடிவதே போதுமான பயன். மருத்துவப் பெருமை அதற்குத் தேவையில்லை.

பரணில் இடம் தீர்ந்தபின் விற்பனை ஆசை எழுவது இயல்பு. சட்டம் குறுக்கே வருவதும் அப்போதுதான். இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதால், விற்பனைக்காகத் தயாரிப்பவர் 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின் கீழும் மாநில உரிம அதிகாரியிடம் தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். உரிம எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, பயன்படுத்தத்தக்க காலம் முதலியவற்றை உறையில் அச்சிட வேண்டும். வாடகை வீட்டின் அடுக்களையில் செய்பவருக்கு, தனியிடமும் தகுதியுள்ள பணியாளரும் கேட்கும் இவ்விதிகள் எட்டாதனவாகத் தோன்றுகின்றன. ஆகவே பலர் உரிமமின்றி அக்கம்பக்கத்தில் விற்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டப்படி அதுவும் தவறே. நோயைக் குணப்படுத்தும் என்று எழுதிவிட்டாலோ, அந்தச் சோப்பு அழகுசாதனம் என்ற வகையைத் தாண்டி மருந்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. வெண்புள்ளி போன்ற குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டமே தடைசெய்கிறது. தம் வீட்டுக் குளியலறையோடு நிறுத்திக்கொள்பவர்க்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. அவர் கவலை எல்லாம் அடுத்த கலவையைப் பற்றியது: இம்முறை நல்லெண்ணெயைக் குறைத்து இலுப்பை எண்ணெயைக் கூட்டினால் நுரை எப்படியிருக்கும், அதற்குக் காரம் எத்தனை கிராம்.